கிழப்பங்கு

ஹல்ஸ்டா, ஸ்வீடன்
14 ஆகஸ்ட் 2023

அன்புள்ள அண்ணா,

இங்கே எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் இடுப்பு எப்படி இருக்கிறது, தடியை விட்டுவிட்டாயா இல்லையா என்று முதலில் எழுது. போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ பாதியில் வைத்துவிடுவாய், கடிதத்தை முழுக்கப் படித்துத்தானே ஆக வேண்டும்.

என் வீட்டுக்காரர் பெங்ட் போன பிறகு இந்த மூன்றாம் மாடி வீட்டில் நானும் சுவர்க் கடிகாரமும்தான். பிள்ளைகளும் இல்லை. சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். உன் வீட்டுப் பக்கத்து அறை காலியாகத்தானே இருக்கிறது? நான் வந்து அதில் இருந்துகொள்ளட்டுமா?

யாருக்கும் பாரமாக இருக்க மாட்டேன். என் ஓய்வூதியம் நான் எங்கே போனாலும் ஸ்வீடனிலிருந்து வரும், வைத்தியச் செலவையும் இவர்களே கொடுப்பார்கள், விசாரித்துவிட்டேன். பிற்பாடு முடியாமல் போனால் உன் தெருக்கோடியிலேயே முதியோர் இல்லம் இருக்கிறது.

போன வாரம் ஒரு வேடிக்கை. ரொட்டிக் கடையில், “அந்தக் கருகின ரை ரொட்டியில ஒண்ணு குடும்மா”ன்னு கேட்கிறேன், கடைப்பெண் முழிக்கிறாள். மறுபடி கேட்டேன், மறுபடி முழித்தாள். மூன்றாம் தடவைதான் எனக்கே உறைத்தது, நம் பின்னிஷ் பாஷையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இருபத்தோரு வயதில் இங்கே வந்தவள், எனக்கு ஸ்வீடிஷ் மறக்குமா? சிரித்துக்கொண்டே வீடு வந்தேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
ஹில்கா


லெஹ்தோவாரா, பின்லாந்து
2 செப்டம்பர் 2023

ஹில்காவுக்கு,

இடுப்பு இருக்கிற இடத்தில் இருக்கிறது. தடியும் இருக்கிறது. நீ சுகமென்று அறிந்தேன்.

இங்கே எனக்கு மூச்சுவிட நேரமில்லை. முதியோர் இல்லத்தில் வேலைக்கு ஆள் போதவில்லையாம். பிலிப்பைன்ஸிலிருந்து பன்னிரண்டு பேரைக் குடும்பத்தோடு கொண்டுவந்து, பூட்டிக் கிடக்கும் ஆலைக் குடியிருப்பை அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமாம். மாவட்டத்தார் கேட்கிறார்கள், நம் ஊர் மன்றம் தலையாட்டுகிறது. நான் வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்குகிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நூலகத்தில் உட்கார்ந்து ஓய்வூதியச் சட்டம் முழுவதையும் நானே படித்தேன். முப்பத்தொன்பது வருஷம் காகித ஆலையில் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அது நான் போட்டது. போட்டவன் எடுக்க வேண்டும். நேற்று விமானத்தில் இறங்குகிறவன் அதே பானைக்குள் கரண்டியை விட்டால் அடியில் என்ன மிஞ்சும்? இதைக் கேட்டால் கடைக் காபி மேசையில் நம்ம ரைமோ சிரிக்கிறான். மளிகை சாமான் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

உருளைக்கிழங்கு இந்த வருஷம் சின்னது.

உன் அண்ணன்
அவுலிஸ்


ஹல்ஸ்டா
20 செப்டம்பர் 2023

அன்புள்ள அண்ணா,

நீ சௌக்கியமாகச் சண்டை போட்டுக்கொண்டிருப்பதே எனக்கு நிம்மதி. நானும் அப்படியே. நான் கேட்டதற்குப் பதில் மட்டும் உன் கடிதத்தில் இல்லை. உருளைக்கிழங்குக்குக் கீழே ஒளிந்திருக்கிறதோ என்று இரண்டு தடவை பார்த்தேன்.

எந்தப் பானை, அண்ணா? சேமிப்பு என்று கொஞ்சம் ஒதுக்குகிறார்கள், உண்மைதான். பெரும்பகுதி அந்தந்த மாதம் வருகிறது, அந்தந்த மாதம் போகிறது. உன் சம்பளத்தில் பிடித்ததை அன்றைக்கு இருந்த கிழவர்கள் அன்றைக்கே சாப்பிட்டு முடித்தார்கள். இன்று உனக்கு வருவது இன்று வேலை செய்கிறவர்கள் கொடுப்பது. உன் ஊரில் இன்று வேலை செய்கிறவர்கள் எத்தனை பேர்?

அப்பா நெஞ்சு நோயால் நிலத்தை விற்றபோது பத்திரத்தில் என்ன எழுதினார்? கிழப்பங்கு. அவரும் அம்மாவும் இருக்கும்வரை பின்னறை, தினம் பால், வருஷத்துக்குக் கிழங்கு, குளிருக்கு விறகு. நிலத்தை யார் உழுகிறார்களோ அவர்கள் கொடுக்க வேண்டும். மகன் உழுதாலும் சரி, அந்நியர் வாங்கினாலும் சரி. ஓய்வூதியத்துக்கு நம் பாஷையில் அந்தப் பழைய சொல்தானே இன்றும் இருக்கிறது? போரில் ரஷ்யாவிடம் ஊரை இழந்து கரேலியாவிலிருந்து வந்து, நம் நிலத்தை வாங்கிய பரஸ்கே குடும்பத்தை எல்லாரும் ரஷ்யக்காரர்கள் என்று ஏசினார்கள். அந்தப் பரஸ்கேதான் கடைசிவரை அம்மாவுக்குப் பால் கொண்டுவந்தாள். அம்மாவைக் கடைசியாகக் குளிப்பாட்டியதும் அவள்தான். நான் இங்கே தொழிற்சாலையில் இருந்தேன். நீ உள்ளூரில் இருந்தாய்.

நான் வந்த புதிதில் இந்த வீட்டுப் படிக்கட்டில் ஒரு கிழவி என்னைப் பார்க்கும்போதெல்லாம், “வந்துட்டாளுக பின்லாந்துக்காரிக, நம்ம பென்ஷனைத் திங்க” என்பாள். நானும் அவள் திரும்பியதும் நாக்கைத் துருத்துவேன். என் சம்பளத்தில் பிடித்தது அவள் காபிக்குத்தான் போனது. இரண்டு பேருக்குமே அது தெரியாது.

அறை விஷயம்?

ஹில்கா


லெஹ்தோவாரா
15 அக்டோபர் 2023

ஹில்காவுக்கு,

நலம். மூட்டில் மட்டும் குளிர் இறங்கிவிட்டது.

பரஸ்கேயைப் பற்றி எனக்கு எழுதாதே. அப்பா நிலத்தை விற்றபோது எனக்குப் பதினாறு வயது. இரண்டு வருஷம் பொறுத்திருந்தால் நான் உழுதிருப்பேன். அவருக்கு மகன் மேல் நம்பிக்கை இல்லை, வந்தேறிகள் மேல் இருந்தது. அந்தக் களத்தில் அதற்குப் பிறகு நான் கால் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன்.

உன் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதையும் கேள். வருகிறவனும் ஒரு நாள் கிழவனாவான். அப்போது அவனுக்குப் பால் கொண்டுவர யாரை எந்த நாட்டிலிருந்து கூப்பிடுவாய்? ஐம்பது வயதில் வந்து பத்து வருஷம் போட்டுவிட்டு முப்பது வருஷம் எடுக்கிறவனை என்ன செய்வாய்? வேலையே கிடைக்காமல் உட்கார்ந்திருக்கிறவனை? இதையெல்லாம் மன்றக் கூட்டத்தில் கேட்டேன். படித்தவர்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்கள்.

ரைமோவிடம் நீ வர விரும்புவதாக வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அவன் காபி மேசையில் எழுந்து நின்றே கத்தினான். “கேட்டீங்களாப்பா! ஐயா ஊரெல்லாம் கையெழுத்து வாங்குறாரு, வெளியாளு வேண்டாம்னு. சொந்தத் தங்கச்சியே ஸ்வீடன்காரியா வர்றா! இங்க ஒரு காசு போட்டதில்ல. அவளுக்கும் சேர்த்து எதிர்க் கையெழுத்து வாங்கிடுங்க அண்ணே!”

அவன் மனைவி அந்த முதியோர் இல்லத்தில் படுத்திருப்பதால் அவனுக்கு அவன் நியாயம். நவம்பர் கடைசியில் வாக்கெடுப்பு. அதுவரை நீ வருவது சரிப்படாது. என் வாயை அடைக்க அவர்களுக்கு நீயே போதும். முடியட்டும்.

அவுலிஸ்


ஹல்ஸ்டா
3 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணா,

மூட்டுக்குக் கம்பளிப் பட்டை பின்னி அனுப்பியிருக்கிறேன், கட்டிக்கொள். நான் நலமே.

உன் ஓட்டை உண்மையான ஓட்டைதான். வருகிறவர்களும் கிழவர்களாவார்கள், நான் ஆனதுபோல. அதனால்தான் இளவயதில் கூப்பிட வேண்டும், வந்த மறுநாளே வேலை கொடுக்க வேண்டும் என்கிறார்கள். அப்படியும் அது நிரந்தர வைத்தியம் இல்லை. ஒரு தலைமுறை மூச்சுவிட அவகாசம், அவ்வளவுதான். எனக்கு அவ்வளவு அவகாசம் போதும், அண்ணா.

போன வாரம் டாக்டரிடம் போனேன். கடிகாரம் வரையச் சொன்னார். பத்து மணி பத்து நிமிஷம். நன்றாகத்தான் வரைந்தேன். “வீட்ல பேச யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார். அண்ணன் இருக்கிறார் என்றேன். எந்த ஊரில் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தப் பக்கத்து அறை ஜன்னல் கிழக்கே பார்த்ததா? காலை வெயில் வருமா?

உங்கள் முதியோர் இல்லத்தில் வேலைக்கு வருகிறவர்கள் நம் பாஷை பேசுவார்கள்தானே? பிலிப்பைன்ஸ் பெண்களானாலும் வரும் முன்பே கற்றுக்கொண்டு வருவார்கள் என்று படித்தேன். தப்பும் தவறுமாகப் பேசினாலும் போதும். நான் சொல்வது அவர்களுக்குப் புரிய வேண்டும், அதுதான்.

வாக்கெடுப்பு முடியும்வரை கேட்க மாட்டேன். ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் எழுது. கிழக்கா?

ஹில்கா


லெஹ்தோவாரா
1 டிசம்பர் 2023

ஹில்காவுக்கு,

கம்பளிப் பட்டை கிடைத்தது. கட்டியிருக்கிறேன். ஒரே கடிதத்தில் ஜன்னலை இரண்டு தடவை கேட்கிறாய். கிழக்குத்தான்.

ஜெயித்துவிட்டோம்! இரண்டு வாக்கு வித்தியாசம். ஆலைக் குடியிருப்பைக் கொடுப்பதில்லை என்று மன்றம் முடிவு செய்துவிட்டது. முன்னூறு கையெழுத்தை மேசையில் வைத்தபோது தலைவருக்கு முகம் தொங்கிவிட்டது. “அவுலிஸ், நாளைக்கு உங்களை யாரு தூக்கி உக்கார வைப்பாங்கன்னு யோசிச்சீங்களா?” என்றார். “நான் உக்காந்துதான் இருக்கேன், நீங்க எந்திரிச்சுப் போங்க” என்றேன். அரங்கமே கைதட்டியது.

வீடு இல்லையென்றால் ஆள் இல்லை, ஆள் இல்லையென்றால் இல்லத்தை மூடுவோம் என்கிறார்கள் மாவட்டத்தார். வெறும் மிரட்டல். கட்டிய கட்டடத்தை யார் மூடுவார்கள்?

நீ கோடையில் வா. அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன். மஞ்சள் கலந்த வெள்ளை. ரைமோ என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும்.

அவுலிஸ்


ஹல்ஸ்டா
லூசியா நாள்

அண்ணா,

நலம். எல்லாரும் நலமா? அம்மாவுக்கு இருமல் குறைந்ததா? பரஸ்கேயிடம் சொல், பால் கொஞ்சம் சுடவைத்துக் கொடுக்கட்டும், அம்மா பச்சையாகக் குடித்தால் இருமுவாள்.

இங்கே யாரும் பேசுவது எனக்குப் புரிவதில்லை. எல்லாரும் வேகமாகப் பேசுகிறார்கள். வேலைக்குப் போனால் கதவு பூட்டியிருக்கிறது.

பை கட்டி வைத்துவிட்டேன். நீ மோட்டார் சைக்கிளில் வந்தால் பையை எங்கே வைப்பது?

எப்போது வருகிறாய்?

ஹில்


லெஹ்தோவாரா
5 பிப்ரவரி 2024

ஹில்கா,

எப்படி இருக்கிறாய்? இதற்கு மட்டுமாவது பதில் போடு.

டிசம்பர் பதிமூன்று, லூசியா நாளில் நீ எழுதிய கடிதம் வந்த அன்றே பதில் எழுதினேன். அம்மா இறந்து ஐம்பது வருஷமாகிறது, கிழவனிடம் விளையாடாதே என்று கோபமாகத்தான் எழுதினேன். பதில் இல்லை. போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அந்த எண்ணே இல்லை என்றது, ஸ்வீடிஷில்.

இல்லத்தை மூடிவிட்டார்கள். போன வாரம் ஒரு பஸ் வந்தது. எல்லாரையும் போர்வையோடு ஏற்றி எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். ரைமோவின் மனைவியும் போனாள். அவள் ஜன்னல் வழியாக எல்லாருக்கும் கையாட்டினாள், எனக்கும் ஆட்டினாள். ரைமோ இப்போது கடையில் என் மேசையில் உட்காருவதில்லை. திட்டினால் பரவாயில்லை.

அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது.

அவுலிஸ்


ஹல்ஸ்டா
11 மார்ச் 2024

மதிப்புக்குரிய ஐயா,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னை உங்களுக்குத் தெரியாது. என் பெயர் ஹோதன். சோமாலியாவில் பிறந்தவள், பின்லாந்தில் ஒவ்லு நகரத்தில் பள்ளியும் செவிலிப் படிப்பும் முடித்தவள். இப்போது இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. உங்கள் தங்கை ஜனவரி முதல் எங்களோடு இருக்கிறார். பனியில் செருப்பில்லாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றவரை போலீஸ்காரர்கள் அழைத்துவந்தார்கள். கையில் பை இருந்தது. உங்கள் கடிதங்கள் தாமதமாக எங்களுக்கு வந்து சேர்ந்தன. அவர் அனுமதியோடு நான்தான் படித்துக் காட்டுகிறேன்.

மறதி நோய். ஒரு வருஷத்துக்கு முன்பே டாக்டர் சொல்லியிருக்கிறார். எந்தப் பாஷை கடைசியாக வந்ததோ அது முதலில் போகும் என்றும் சொல்லியிருக்கிறார். ஸ்வீடிஷ் முழுக்கப் போய்விட்டது. மற்றவர்களுக்கு அவர் பேசுவது வெறும் சத்தம். நான் இல்லாத நாட்களில் சாப்பிட மறுக்கிறார்.

என்னைப் பார்த்த முதல் நாள் நான் நம் பாஷையில் “காபி குடிக்கிறீங்களா?” என்றதும் அழுதுவிட்டார். பிறகு, “இவ்வளவு நாளா எங்கடி போயிருந்தே?” என்று திட்டினார். என்னைப் பரஸ்கே என்று கூப்பிடுகிறார். யார் அது என்று தெரியவில்லை. கையைப் பிடித்தால் விடுவதில்லை, அதனால் நல்லவராகத்தான் இருக்க வேண்டும்.

பணிவுடன்
ஹோதன்


லெஹ்தோவாரா
30 மார்ச் 2024

ஹோதன் என்பவருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நான் நலம்.

ஒரு வருஷத்துக்கு முன்பே தெரியும் என்கிறீர்கள். அவள் எனக்கு அதை எழுதவில்லை. கடிகாரம் வரைந்ததாக எழுதினாள்.

அவளை இங்கே அனுப்பிவிடுங்கள். அறை தயாராக இருக்கிறது, கிழக்கு ஜன்னல். ஊரே அவள் பாஷைதான் பேசுகிறது. என்னென்ன தாள்களில் கையெழுத்து வேண்டுமோ அனுப்புங்கள்.

பரஸ்கே என்பவர் எங்கள் நிலத்தை வாங்கியவர். வேறொன்றும் இல்லை.

நீங்கள் ஏன் பின்லாந்தை விட்டுப் போனீர்கள்? பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் விடுங்கள்.

அவுலிஸ்


ஹல்ஸ்டா
6 மே 2024

மதிப்புக்குரிய ஐயா,

உங்கள் மூட்டு வலி குறைந்ததா? கேட்கச் சொன்னது நானில்லை, ஹில்கா அம்மா. “அண்ணன் பட்டை கட்டுறானா, கேளுடி” என்றார். அன்று தெளிவாக இருந்தார்.

எங்கள் மேலதிகாரி உங்கள் மாவட்டத்துக்கு எழுதினார். பதில் வந்துவிட்டது. தனியாக விட முடியாத நிலையில் இருப்பவரை அனுப்ப வேண்டுமென்றால் அங்கே இரவும் பகலும் கவனிக்க ஆள் வேண்டும். லெஹ்தோவாராவில் இல்லம் இல்லை. வீட்டுக்கு வந்து பார்க்கிற செவிலிகள் இரண்டு பேர்தான், அவர்களும் வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் வர முடியாதாம். எழுபது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இல்லத்தில் படுக்கைக்கு நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். செலவை ஸ்வீடன் கொடுத்துவிடும், அது பிரச்சினையே இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆள்தான் இல்லை. அனுப்ப முடியாது, ஐயா. எனக்கு வருத்தமாக இருக்கிறது.

நீங்கள் கேட்டதற்கு: என் கணவருக்கு இங்கே வேலை கிடைத்தது. வேறு காரணமும் உண்டு, அது கடிதத்தில் எழுதுகிற அளவுக்குப் பெரிது இல்லை.

ஒன்று கேட்க வேண்டும். தினம் மாலையில் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறார். “அண்ணன் வண்டி வந்துடுச்சா?” என்கிறார். நாளைக்கு என்று சொன்னால் மறுநாளும் கோட்டுடன் காத்திருக்கிறார். வரமாட்டார் என்று ஒரு பணியாள் சைகையில் காட்டிவிட்டாள். அன்று இரவு முழுக்க, “நான் என்ன தப்புப் பண்ணேன்?” என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் ஒருமுறை வர முடியுமா? முடியாதென்றால் நான் என்ன சொல்லட்டும்?

ஹோதன்


லெஹ்தோவாரா
9 ஜூன் 2024

ஹோதன் அம்மாவுக்கு,

உங்களுக்கும் உங்கள் வீட்டாருக்கும் சுகம் என்று நினைக்கிறேன். பட்டை கட்டியிருக்கிறேன் என்று சொல்லுங்கள்.

மாவட்ட அலுவலகத்துக்கு நானே போனேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கேட்டாள்: “லெஹ்தோவாராவா? கையெழுத்து வாங்குன பெரியவர் நீங்கதானே?” ஆமாம் என்றேன். தண்ணீர் கொடுத்தாள். நான் கேட்ட கேள்விகள் அன்றும் சரியானவை, இன்றும் சரியானவை. யாரும் பதில் சொல்லவில்லை. அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கட்டில், ஒரு ஆள் கேட்டேன். இல்லை.

நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னேன். என்னை எழுந்து நடக்கச் சொன்னாள். நடந்தேன். போதும் ஐயா, உட்காருங்கள் என்றாள்.

அங்கே வருவதைப் பற்றி. அவள் எதிர்பார்ப்பது மோட்டார் சைக்கிளில் வருகிற ஒருவனை. தடி ஊன்றிக்கொண்டு நான் உள்ளே வந்தால் இந்தக் கிழவன் யார் என்று உங்களைத்தான் கேட்பாள். அதோடு, வந்துவிட்டுத் திரும்பிப் போக என்னால் ஆகாது. அழைத்துப்போகத்தானே அவள் காத்திருக்கிறாள்.

என்ன சொல்லட்டும் என்று கேட்டீர்கள். பனி என்று சொல்லுங்கள். சாலை மூடிவிட்டது, அண்ணன் கிளம்பிப் பாதி வழியில் நிற்கிறான் என்று சொல்லுங்கள். எங்கள் பக்கம் பனி விழுந்தால் யாரும் வர முடியாது, அது சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும். அதில் அவள் தப்பும் இல்லை, வேறு யார் தப்பும் இல்லை. கோட்டைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொள்வாள்.

நம் பாஷையில் சொல்லுங்கள், மெதுவாக. இந்த மாதம் அங்கேயும் கோடை, ராத்திரிவரை வெளிச்சம் இருக்கும். சொல்வதற்கு முன்னால் ஜன்னல் திரையை இழுத்து விட்டுவிடுங்கள்.

அவுலிஸ்